போனும் நெட்டும் ஒரே வயரிங்கில்: டர்பன் வீடுகளில் எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெரேபாங்க், டோங்காட் பக்கத்துப் பழைய வீடுகளில் சீலிங்குக்கு மேலே எட்டிப் பார்த்தால் மூன்று காலத்துக் கம்பிகள் கிடக்கும். முதலில் வந்தது போனுக்கான செம்புக் கம்பி. 2002க்குப் பிறகு, போன் கம்பியிலேயே நெட் தரும் ஏடிஎஸ்எல் வந்தபோது அதே கம்பியில் ஒட்டுப் போட்டு அறைக்கு அறை இழுத்தார்கள். இப்போது ஃபைபர் வந்து, ரவுட்டரிலிருந்து கேட்6 கேபிள் (நான்கு ஜோடி முறுக்குக் கம்பி உள்ள நெட் கேபிள்) போகிறது. பழையதை யாரும் கழற்றுவதில்லை. ஆகவே வீட்டுக்குள் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை பழைய வயரிங்கும் புதிய வயரிங்கும் தொட்டுக்கொள்ளும் இடத்தில்தான் இருக்கின்றன. கருவியை மாற்றுவதற்கு முன் கம்பியைப் பாருங்கள்.

வேலைக்கு வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், எட்டு விளக்கு உள்ள சாதாரண கேபிள் டெஸ்டர், கம்பியை ஜாக்கில் அடித்துப் பதிக்கும் பஞ்ச் டவுன் டூல், நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த 2 மீட்டர் பேட்ச் கார்டு (இரு முனையிலும் பிளக் உள்ள நெட் கேபிள்) ஒன்று, சாதாரண கம்பிப் போன் ஒன்று. பேட்டரி போடாத, சுவரில் செருகினாலே பேசும் போனாக இருக்கட்டும். அதுவே நல்ல டெஸ்டர்.

ஒரு எச்சரிக்கை. 1960களிலும் 70களிலும் கட்டிய வீடுகளில் பலவற்றின் கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடு. தென்னாப்பிரிக்காவில் 2008ல் ஆஸ்பெஸ்டாஸுக்குத் தடை வந்தது. ஆனால் ஏற்கெனவே போட்ட கூரைகள் அப்படியேதான் இருக்கின்றன. கேபிள் இறக்க அந்தத் தகட்டில் துளை போடாதீர்கள், ரம்பம் வைக்காதீர்கள். செங்கல் சுவரில் துளையிட்டு உள்ளே போங்கள்.

நெட் வருகிறது, போனில் டயல் டோன் இல்லை

ஃபைபருக்கு மாறிய வீடுகளில் முதலில் வரும் புகார் இதுதான். சுவரில் இருக்கும் பழைய போன் சாக்கெட்டில் புதிய சேவையின் டோன் வராது. குரல் இப்போது ரவுட்டரின் பின்னால் உள்ள போன் போர்ட்டிலிருந்தோ, அதனுடன் தந்த சிறிய அடாப்டரிலிருந்தோ வருகிறது. சாதாரண போனை நேரடியாக அந்தப் போர்ட்டில் செருகுங்கள். அங்கேயும் டோன் இல்லை என்றால் கோளாறு உங்கள் கம்பியில் இல்லை. எண் இன்னும் பதிவாகவில்லை அல்லது கணக்கில் பிரச்சினை என்று பொருள். சேவை தருபவரை அழையுங்கள். பழைய 031 எண்ணைப் புதிய சேவைக்கு மாற்றக் கேட்டிருந்தால், மாற்றம் முடியும்வரை பழைய இணைப்பை ரத்து செய்யாதீர்கள். முன்னதாக ரத்து செய்தால் எண்ணே போய்விடலாம்.

போர்ட்டில் டோன் உண்டு, அறையில் இல்லை என்றால் கம்பிதான். ரவுட்டரின் போன் போர்ட்டை வீட்டின் பழைய போன் வயரிங்குடன் இணைத்து எல்லா அறைக்கும் டோன் கொடுக்க முடியும். அதற்கு முன் செய்தே ஆகவேண்டிய ஒரு வேலை உண்டு. தெருவிலிருந்து வரும் பழைய ஜோடியை வெளிச்சுவர்ப் பெட்டியில் கழற்றி, இரண்டு முனையையும் தனித்தனியாக டேப் சுற்றி ஒதுக்கிவிட வேண்டும். அந்தக் கம்பியில் எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் இன்னும் இருந்தால், ரவுட்டர் தரும் வோல்டேஜுடன் மோதி ரவுட்டரின் போன் போர்ட் எரிந்துபோகலாம். ரவுட்டரின் நெட் பகுதி வேலை செய்துகொண்டே இருக்கும் என்பதால் காரணம் பிடிபடாது.

அறை ஜாக்கில் மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து நடு இரண்டு ஊசிகளை அளந்து பாருங்கள். 48 வோல்ட்டை ஒட்டி இருந்தால் லைன் நன்றாக இருக்கிறது. 6 முதல் 10 வோல்ட் வரை காட்டினால் வீட்டில் எங்கோ ஒரு போன் ரிசீவர் சரியாக வைக்கப்படாமல் இருக்கிறது, அல்லது ஈரத்தில் ஓர் ஒட்டு கசிகிறது. பூஜ்யம் என்றால் கம்பி அறுந்திருக்கிறது அல்லது இரண்டும் ஒட்டியிருக்கின்றன. அளக்கும்போது யாராவது அழைத்தால் மணிக்கான மின்னழுத்தம் 60 முதல் 90 வோல்ட் வரை வரும். ஊசியின் உலோகத்தில் விரல் படவேண்டாம்.

இன்னொன்று. போனின் சிறிய ஆறு முனைப் பிளக்கை நெட் கேபிளுக்கான ஆர்ஜே45 ஜாக்கில் செருகலாம், நடு ஜோடியில் போன் வேலை செய்யும். ஆனால் அந்தப் பிளக்கின் பிளாஸ்டிக் ஓரம் ஜாக்கின் முதல் ஊசியையும் எட்டாவது ஊசியையும் அழுத்தி வளைத்துவிடும். அடுத்த மாதம் அதே ஜாக்கில் லேப்டாப்பைச் செருகினால் லைட்டே எரியாது. போனுக்கென்று வைத்த ஜாக்கைப் போனுக்கே விடுங்கள். அல்லது இரு பக்கமும் பொருந்தும் கார்டு வாங்குங்கள்.

வேகம் 94ஐத் தாண்டவில்லை, அல்லது லைட் எரிந்து எரிந்து அணைகிறது

200 அல்லது 500 மெகாபிட் பிளானுக்குப் பணம் கட்டுகிறீர்கள். வைஃபையில் நல்ல வேகம் காட்டுகிறது. கேபிளில் செருகினால் 94. இந்த எண்ணை நினைவில் வையுங்கள். 100 மெகாபிட் இணைப்பில் ஸ்பீட் டெஸ்ட் காட்டும் உச்ச அளவு அதுதான். கேபிள் ஒரு கிகாபிட்டில் இணைய வேண்டியது 100க்கு இறங்கிவிட்டது என்பதற்கு அது சாட்சி.

காரணம் எளிது. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும்: ஜாக்கின் 1–2, 3–6 ஊசிகள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஏடிஎஸ்எல் காலத்தில், ஒரே கேபிளில் நெட்டும் போனும் போகட்டும் என்று நீல ஜோடியை, அதாவது 4–5ஐ, போனுக்குப் பிரித்துக் கொடுத்தவர்கள் பலர். அன்றைக்கு அது தவறில்லை. நான்கு மெகாபிட் வந்த லைனுக்கு இரண்டு ஜோடி தாராளம். இன்று அதுவே தடை.

சில நெட்வொர்க் சிப்கள் நான்கு ஜோடி கிடைக்காவிட்டால் தாமாகவே 100க்கு இறங்கும். சில இறங்காது. பேச்சுவார்த்தை 1–2, 3–6 ஜோடிகளில் நடப்பதால் இரு முனையும் கிகாபிட்டுக்கு ஒத்துக்கொள்ளும், பிறகு மற்ற ஜோடியைத் தேடித் தோற்கும், மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். லைட் சில விநாடி எரிந்து அணைவது அதனால்தான். கம்ப்யூட்டரின் நெட்வொர்க் அமைப்பில் வேகத்தை 100 என்று கையால் போட்டுப் பாருங்கள். உடனே நிலைத்து நின்றால், நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ கோளாறு என்று உறுதி.

இப்போது இரண்டு முனையிலும் முகப்பைக் கழற்றுங்கள். வண்ண வரிசை இதுவாக இருக்க வேண்டும்: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. இரு முனையிலும் அதே வரிசை. சிலர் நினைவில் நிற்க எளிது என்று ஜோடி ஜோடியாக ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று நேராக அடுக்கிவிடுவார்கள். எட்டு விளக்கு டெஸ்டரில் எட்டும் வரிசையாக எரியும், எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் 3ஆம் 6ஆம் ஊசிகள் வேறு வேறு முறுக்கில் போகின்றன. முறுக்கு இல்லாத ஜோடி பக்கத்து ஜோடியின் சத்தத்தை வாங்கிக்கொள்ளும். 3 மீட்டரில் ஓடும், 25 மீட்டரில் தடுமாறும். டெஸ்டர் பச்சை காட்டினாலும் வண்ணத்தைக் கண்ணால் பாருங்கள்.

ஜாக்கில் அடிக்கும்போது முறுக்கைப் பிரிப்பது 13 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. வசதிக்காக ஐந்து சென்டிமீட்டர் பிரித்துவிட்டு நேராக அடித்த ஜாக்குகள்தான் பாதிக் கோளாறு.

வண்ணம் சரி, அடித்ததும் சரி, இன்னும் தகராறு என்றால் கேபிளின் உலோகத்தைச் சந்தேகியுங்கள். மலிவுப் பெட்டிகளில் வருவது பல நேரம் செம்புப் பூச்சு கொடுத்த அலுமினியம். ஒரு கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அலுமினியம். சுவருக்குள் போய்விட்ட கேபிளுக்கு வேறு வழி: ஒரு முனையில் ஒரு ஜோடியை முறுக்கி இணையுங்கள், மறுமுனையில் ஓம் அளந்து பாருங்கள். முழுச் செம்பு கேட்5இ கேபிள் 30 மீட்டருக்குப் போய்த் திரும்பி ஏறத்தாழ 5 ஓம் காட்டும், கேட்6 சுமார் 4. அலுமினியம் என்றால் 8ஐ ஒட்டி வரும். மீட்டர் ஒயரின் சொந்த எதிர்ப்பை, இரண்டு நுனியையும் தொட வைத்துப் பார்த்து, கழித்துக்கொள்ளுங்கள். அலுமினியம் பஞ்ச் டவுன் இடத்தில் முறியும், டர்பன் கடற்காற்றில் சீக்கிரம் அரிக்கும், கேமராவுக்கு மின்சாரம் அனுப்பினால் சூடாகும். அதைப் பழுது பார்ப்பதில் பயனில்லை, மாற்றுங்கள்.

அந்தக் கேமரா மின்சாரம் பற்றி ஒரு சொல். நெட் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் முறையான பிஓஇ நெட்வொர்க் சுவிட்ச், எதிர்முனையில் ஏற்கும் கருவி இருக்கிறதா என்று பார்த்த பிறகே மின்சாரம் விடும். மலிவு 24 வோல்ட் இன்ஜெக்டர் பார்க்காது, 4–5, 7–8 ஜோடிகளில் அப்படியே தள்ளும். அந்த நீல ஜோடியில் யாராவது போனைத் தொங்கவிட்டிருந்தால் இரண்டில் ஒன்று போகும்.

போனில் கரகரப்பு, ஊளை, மழை பெய்தால் மௌனம்

தொடர்ந்து வரும் தாழ்ந்த ஊளை 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒலி. போன் கம்பி மின்கம்பியுடன் ஒட்டி நீண்ட தூரம் போகிறது. பிளக் பாயின்ட் பைப்புக்குள்ளேயே போன் கம்பியைத் திணித்திருந்தால் அது ஊளை மட்டுமல்ல, உயிராபத்தும். உடனே வெளியே எடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே 200 மில்லிமீட்டர் இடைவெளி வையுங்கள். கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காக, செங்கோணத்தில் கடக்கட்டும்.

கரகரப்பு என்றால் ஒட்டு அரித்திருக்கிறது. மெரேபாங்க், இசிபிங்கோ போன்ற கடலோர இடங்களில் வெளிச்சுவர்ப் பெட்டிக்குள் செம்பு பச்சை பூத்திருக்கும். சுத்தம் செய்து திரும்ப முறுக்கினால் சில மாதங்களில் திரும்ப வரும். அரித்த பகுதியை வெட்டி எறிந்து, ஜெல் நிரப்பிய கனெக்டரில் அழுத்துங்கள். மழையில் மட்டும் கோளாறு என்றால் கேபிள் பெட்டிக்குள் மேலிருந்து நுழைகிறதா என்று பாருங்கள். கேபிள் கீழே தொங்கி வளைந்து, அடியிலிருந்து நுழைய வேண்டும். தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

வெளியில் தொங்கும் கேபிளைக் குரங்குகள் பிடித்து ஆடும், கடிக்கும். மரக்கிளைக்கும் கூரைக்கும் நடுவே திறந்து விட்ட கேபிள் இந்த ஊரில் நிலைக்காது. பைப்புக்குள் விடுங்கள்.

மணி அடிக்கவில்லை, அல்லது ஒரு பக்கக் குரல் மட்டும்

ரவுட்டரின் போன் போர்ட் சிறியது. எக்ஸ்சேஞ்ச் லைன் தாங்கிய அளவு போன்களை அது தாங்காது. உண்மையான மணி உள்ள பழைய போன் இரண்டு மூன்று தொங்கினால் எல்லாம் மௌனமாகும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எத்தனை குறைத்ததும் மணி திரும்புகிறதோ அதுவே எல்லை. அறைக்கு அறை போன் வேண்டும் என்றால் ஒரு டெக்ட் கார்ட்லெஸ் செட்டை ரவுட்டர் பக்கத்தில் வையுங்கள். ஒரே கம்பி போதும், அந்தச் செட்டின் மற்ற ஹேண்ட்செட்டுகள் கம்பியில்லாமல் தாமே பேசும். அது 1.9 கிகாஹெர்ட்ஸில் ஓடுவதால் வைஃபையுடன் மோதாது.

நீங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது உங்களுக்குக் கேட்கவில்லை, அல்லது அரை நிமிடத்தில் அழைப்பு அறுகிறது என்றால் கம்பியைத் தொட வேண்டாம். பெரும்பாலும் வீட்டில் இரண்டு ரவுட்டர் ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். இரண்டாவதை அக்சஸ் பாயின்ட் நிலைக்கு (வைஃபை மட்டும் தரும் நிலை) மாற்றுங்கள். அதன் டிஎச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, கேபிளை நெட் உள்ளே வரும் வான் போர்ட்டிலிருந்து வீட்டுக் கருவிகளுக்கான லான் போர்ட்டுக்கு மாற்றினாலும் போதும். பிறகு முதல் ரவுட்டரில் நெட் வழி அழைப்புகளில் குறுக்கிடும் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதியை நிறுத்துங்கள். பிரின்டர் ஓர் அறையிலிருந்து தெரிகிறது, இன்னோர் அறையிலிருந்து தெரியவில்லை என்ற புகாரும் பெரும்பாலும் இதோடு தீரும்.

லோட் ஷெட்டிங் (முறை வைத்த மின்வெட்டு) வந்தால் போனும் போகிறது

பழைய போனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பி வழியே வந்தது. வீடு இருட்டானாலும் பேசலாம். ஃபைபர் கண்ணாடி இழை, மின்சாரம் கடத்தாது. ஃபைபர் பெட்டி, ரவுட்டர், டெக்ட் பேஸ் மூன்றும் வீட்டு மின்சாரத்தில் வாழ்கின்றன. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை. அவசரத்துக்கு அவர்கள் தேடுவது அந்தப் போனைத்தான்.

சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் வாங்கும்போது பெட்டியில் உள்ள மில்லி ஆம்ப் எண்ணை நம்பி வாங்காதீர்கள். 8800 என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. வாட் ஹவரில் சுமார் 32. ஃபைபர் பெட்டிக்கு 5 வாட், ரவுட்டருக்கு 10 வாட், டெக்ட் பேஸுக்கு 2 வாட் என்று வைத்தால் 17 வாட். இரண்டரை மணி நேரம் தாங்க 42 வாட் ஹவர் வேண்டும், இழப்பையும் சேர்த்தால் 50. அடாப்டர்களின் வோல்ட்டைப் படித்துப் பார்த்தே செருகுங்கள். 9 வோல்ட் கருவிக்கு 12 வோல்ட் கொடுத்தால் திரும்ப வராது. டெக்ட் பேஸ் பல நேரம் 6 வோல்ட்.

யுபிஎஸ் இருந்தும் மின்சாரம் திரும்பும் விநாடியில் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகிறதென்றால் யுபிஎஸ்ஸின் மாற்றுச் சுவிட்ச் மெதுவானது, அல்லது பேட்டரி தேய்ந்துவிட்டது.

திருட்டு அலாரம் போன் லைன் வழியே கன்ட்ரோல் ரூமை அழைக்கும் வகை என்றால் தனியாகக் கவனியுங்கள். ரவுட்டரின் போன் போர்ட்டிலிருந்து கம்பி முதலில் அலாரம் பேனலுக்குப் போய், அதன் பிறகே மற்ற போன்களுக்குப் போக வேண்டும். அப்போதுதான் யாரோ பேசிக்கொண்டிருந்தாலும் அலாரம் லைனைப் பறித்துக்கொள்ள முடியும். போன் நன்றாகப் பேசுகிறது, அலாரம் மட்டும் சேதி சேர்க்கவில்லை என்றால், குரலைச் சுருக்கி அனுப்பும் கோடெக் அதன் டோன்களைச் சிதைக்கிறது. சேவை தருபவரிடம் ஜி.711 கோடெக் போடச் சொல்லுங்கள். அதுவும் உதவாவிட்டால் பேனலுக்கு செல்லுலர் மாட்யூல் போடுவதே பாதுகாப்பு.

இடி மின்னலுக்குப் பிறகு அவுட்பில்டிங் பக்கம் சாகிறது

பின்பக்க அவுட்பில்டிங்கில் பாட்டியோ, மகன் குடும்பமோ, வாடகைக்காரரோ இருப்பார்கள். பெரிய வீட்டிலிருந்து முற்றத்தின் குறுக்கே ஒரு செம்பு கேட்6. கோடையில் ஒவ்வொரு பெரிய இடிக்கும் நெட்வொர்க் சுவிட்சில் ஒரு போர்ட் போகிறது. மின்னல் நேரடியாக விழவேண்டியதில்லை. பக்கத்தில் விழுந்தாலே இரண்டு கட்டடத்தின் எர்த்துக்கும் நடுவே பெரிய வேறுபாடு எழும், அது சமமாவதற்கு உங்கள் கேபிளைப் பாதையாக எடுத்துக்கொள்ளும். சர்ஜ் பிளக் அதைக் குறைக்கும், நிறுத்தாது.

நிறுத்துவது ஃபைபர். முனை போட்டு விற்கும் வெளிப்புற சிங்கிள் மோட் கேபிள், ஒளியையும் செம்புச் சிக்னலையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் இரண்டு, 25 மில்லிமீட்டர் பைப். ஒரே இழையில் போய்த் திரும்பும் வகைக் கன்வெர்ட்டர் என்றால் ஒரு முனையில் ஏ, மறுமுனையில் பி வைக்க வேண்டும். இரண்டும் ஏ என்றால் லைட் எரியாது. பச்சை முனையை நீல முனையுடன் சேர்க்காதீர்கள். பச்சை முனை சாய்வாகத் தேய்த்தது, நீலம் அப்படியில்லை. சேர்த்தால் ஒளி அங்கேயே பெருமளவு வீணாகும். முனைக்குள் கண் வைத்துப் பார்க்கவே கூடாது.

பைப்பை எங்கே புதைக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். மாரியம்மன் கூழ் பூஜைக்கும், கல்யாணத்துக்கும், காவடிக்கு முந்தின இரவுக்கும் முற்றத்தில் பந்தல் போடுவார்கள். அதன் இரும்பு முளைகள் அரை மீட்டருக்குக் கிட்டத்தட்ட இறங்கும். பந்தல் நிற்கும் நடுவழியை விட்டு, மதில் ஓரமாகச் சுற்றிப் போங்கள். நீளம் கூடினாலும் ஃபைபருக்கு அது ஒன்றுமில்லை. பைப்புக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் எச்சரிக்கை டேப் புதையுங்கள்.

மொத்த வீடும் திடீரென்று நிற்கிறது

நெட்வொர்க் சுவிட்சின் எல்லா லைட்டும் ஒன்றாகப் படபடவென்று மின்னினால், ஒரே கேபிளின் இரு முனையும் அதே சுவிட்சில் செருகப்பட்டிருக்கிறது. தரையைத் துடைத்தவர் கீழே கிடந்த கார்டை ஒழுங்காகச் செருகி வைத்திருப்பார். ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், படபடப்பு நிற்கும் இடத்தில் அதுதான். ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் இழை மடிந்திருக்கிறது அல்லது தெருவில் அறுந்திருக்கிறது. பிரவுசரில் திறக்கும் பெட்டியின் அமைப்புப் பக்கம் ஒளி அளவைக் காட்டும் என்றால் அது மைனஸ் 27 டிபிஎம்முக்குக் கீழே போகக்கூடாது.

கம்பியை மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால்

எல்லா அறையிலிருந்தும் ஒவ்வொரு கேபிளும் ஒட்டில்லாமல், நடுவில் எதற்கும் பிரியாமல், ஒரே இடத்துக்கு வரட்டும். போனா நெட்டா என்பதை அறையில் முடிவு செய்ய வேண்டாம். எல்லாக் கேபிளும் வந்து முடியும் பேட்ச் பேனலில் எந்தக் கார்டை எங்கே செருகுகிறீர்களோ அதுவே முடிவு. நீல ஜோடியைத் திருடவேண்டிய தேவையே வராது.

மூன்று படுக்கையறை வீட்டுக்குக் கணக்கு: ஹாலுக்கு 3, ஒவ்வொரு படுக்கையறைக்கும் 2, சீலிங் அக்சஸ் பாயின்ட்டுக்கு 1, அலாரத்துக்கு 1, கேட் இன்டர்காமுக்கு 1. மொத்தம் 12. வாசல் இன்டர்காமுக்குப் போகும் கேபிள் மட்டும் வெளிப்புற வகை. அதுவும் முற்றத்தைக் கடக்கும் செம்பு என்பதால் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் எர்த் செய்த சர்ஜ் அரெஸ்டர் வேண்டும். சராசரி 15 மீட்டர் என்றால் 180 மீட்டர். பேனல் பக்கம் 2 மீட்டர், சுவர்ப் பெட்டியில் 300 மில்லிமீட்டர் உபரி சேர்த்தாலும் 305 மீட்டர் பெட்டி ஒன்று போதும். இவற்றுக்கு மேலே, ஃபைபர் பெட்டி வைக்கும் இடத்திலிருந்து பேனலுக்கு இரண்டு கேபிள் தனியாக இழுங்கள். ஒன்று நெட்டைக் கொண்டுவர, ஒன்று ரவுட்டரின் போன் போர்ட்டைக் கொண்டுவர. இந்த இரண்டாவது கேபிளை விட்டுவிட்டுப் பிறகு சுவரை உடைப்பவர்கள் அதிகம்.

வளைவில் 25 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் வளையுங்கள். கேபிள் டையை விரலால் சுழற்றக்கூடிய அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள். சுவர் பூசும் முன் எல்லாக் கேபிளையும் டெஸ்டரில் பாருங்கள், இரு முனையிலும் ஒரே எண்ணை எழுதுங்கள். பேனலுக்குள் ஒட்டும் தாளில் எந்த எண் எந்த அறை, அது இப்போது போனா நெட்டா என்று பென்சிலால் குறித்து வையுங்கள். மாறும்போது அழித்து எழுதலாம்.